முதுமையில் வருமானமும் உடல்நலமும்

அறுபதைக் கடந்தவர்களின் வருமானமும் உடல்நிலையும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகின்றன. கையில் காசு குறைந்தால் உடம்பு கெடுகிறது; உடம்பு கெட்டால் காசு வரும் வழி அடைபடுகிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2021 மதிப்பீட்டில், தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 13.6 விழுக்காட்டினர் இந்த வயதினர். கேரளத்துக்கு (16.5) அடுத்த இடம் இது.

நாமக்கல் மாவட்டத்துப் புதுச்சத்திரம் போன்ற மேட்டுக்காட்டு ஊர்களில் இந்த உறவு கண்கூடு. மரவள்ளிக் கிழங்கு பிடுங்குவது, கடலைக்காய் பறிப்பது, கோழிப்பண்ணையில் தீவனம் போடுவது, லாரியில் சுமை ஏற்றுவது என்று கூலி வேலை எதற்கும் முதலாளி தரும் ஓய்வூதியம் கிடையாது. முட்டிவலியால் குனிய முடியாமல் போகிற நாளோடு வருமானம் நின்றுவிடுகிறது. பிறகு, தினமும் போட வேண்டிய பிரஷர் மாத்திரை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆகும். பருப்பும் முட்டையும் பேரப்பிள்ளைகளின் தட்டுக்குப் போக, பெரியவர்களுக்கு ரசஞ்சோறே இரண்டு வேளையும். வெளிநாடு வரை முட்டை அனுப்பும் மாவட்டத்தில் இது நடப்பது வேதனைக்குரியது.

வறுமையால் நோயா, நோயால் வறுமையா என்று பிரிப்பது எளிதல்ல. இரண்டுக்கும் சான்று உண்டு. பொருளியலாளர் ஆன் கேஸ் தென்னாப்பிரிக்காவில் ஆராய்ந்தபோது, முதியோர் ஓய்வூதியத்தைக் குடும்பத்தின் பொதுச்செலவில் சேர்த்த வீடுகளில் மற்றவர்களின் உடல்நிலையும் மேம்பட்டிருந்தது. எதிர்த்திசைக்கு அசாம் சான்று. அங்கே 40 வயதைக் கடந்த தேயிலைத் தொழிலாளர்களில் ஒரு சாராருக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி இலவசமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். கண்ணாடி கிடைத்தவர்கள் பறித்த இலையின் எடை, கிடைக்காதவர்களோடு ஒப்பிட ஏறத்தாழ 22 விழுக்காடு கூடியது. 2018இல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் இந்த ஆய்வு வெளியானது. ஒரு கண்ணாடி நாற்பதைக் கடந்தவரின் சம்பாத்தியத்தை மாற்றும் என்றால், கண்புரை அறுவையையும் முட்டிவலிச் சிகிச்சையையும் வெறும் மருத்துவச் செலவாக எண்ணுவது தவறு.

தமிழ்நாட்டில் மருத்துவம் வீடு தேடி வந்தது பெரிய மாற்றம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் வாசலிலேயே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தருகிறார்கள். இதில் மிச்சமாவது மருந்துச் செலவு மட்டுமல்ல. பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் மகளின் ஒருநாள் கூலியும் மிஞ்சுகிறது. 70 வயதைக் கடந்த அனைவருக்கும் வருமான வரம்பில்லாமல் 5 லட்சம் ரூபாய்க் காப்பீட்டை ஒன்றிய அரசு 2024 அக்டோபரில் தொடங்கியது. ஆனால் காப்பீடு உதவுவது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகுதான். அதற்கு முந்தைய சத்தான சாப்பாட்டுக்கும் பல் வைத்தியத்துக்கும் கைக்காசுதான் வேண்டும்.

அந்தக் கைக்காசு பலருக்கு 'முதியோர் பணம்' மட்டுமே. சென்னை மாநிலத்தில் 1962இல் தொடங்கிய இந்த உதவித்தொகை 2011இல் 1,000 ரூபாயானது. பன்னிரண்டு ஆண்டுகள் அப்படியே கிடந்து, 2023இல் 1,200 ஆனது. நாளொன்றுக்கு 40 ரூபாய். அரசு ஓய்வூதியருக்கு விலைவாசியோடு அகவிலைப்படி உயர்கிறது. கூலி வேலை செய்து ஓய்ந்தவருக்கு அது இல்லை. தேசிய முதியோர் ஓய்வூதியத்தில் ஒன்றிய அரசின் பங்கு, 80 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கு மாதம் 200 ரூபாய். இந்தத் தொகையையும் விலைவாசியோடு உயர்த்தியே ஆக வேண்டும்.