மரத்துப்போன விரல்கள்



செந்தூலுக்கு அண்டையில் உள்ள செத்தாப்பாக்கில், முன்னாளில் தொழுநோயாளர்களை அடைத்து வைத்த விடுதி ஒன்று இருந்தது. அதன் அவலத்தைக் கண்ட மருத்துவர் டிராவர்ஸ், அவர்களும் மனிதராய் வாழ ஒரு குடியிருப்பு வேண்டுமென வாதாடினார். அதன் பயனாக 1930இல் எழுந்ததுதான் சுங்கை பூலோ. அங்கே வீடு, தோட்டம், கோயில் எல்லாம் இருந்தன. வெளியே போகும் உரிமை மட்டும் இல்லை. 1926ஆம் ஆண்டுச் சட்டம் நோயாளரைக் கட்டாயமாகப் பிரித்து வைத்தது. அங்கே பிறந்த குழந்தைகளையும் தாயிடம் விடவில்லை.

இவ்வளவு அச்சம் எதனால்? விரல் குறைந்த கைகளைக் கண்டதால்தான். நோய் சதையைத் தின்கிறது, விரல் அழுகி உதிர்கிறது என்று லயத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சிறுவயதில் நானும் நம்பியவன்தான்.

உண்மை வேறு. 1873இல் நார்வே நாட்டு ஹான்சன் கண்டறிந்த இந்தக் கிருமி மிக மெல்லப் பெருகுவது. உடலின் குளிர்ந்த பகுதிகளை நாடி, தோலையும் அதனருகே ஓடும் நரம்புகளையும் பற்றுகிறது. உடல் அதை எதிர்க்கும்போது நரம்பு வீங்குகிறது. சுற்றியுள்ள உறையோ இறுக்கமானது. வீங்க இடமின்றி நரம்பு நசுங்குகிறது. முழங்கையை இடித்துக்கொண்டால் சுண்டுவிரல்வரை 'சுரீர்' என்கிறதே, அந்த நரம்புதான் அடிக்கடி கெடுவது. கெட்டபின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கிவிடும். நெருப்புச் சுட்டாலும் தெரியாது.

விரல் குறையும் மர்மத்தை விளக்கியவர் நம் கொல்லிமலையில் 1914இல் பிறந்த ஆங்கிலேயர், டாக்டர் பால் பிராண்டு. 1946இல் வேலூர் மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். ஒருநாள் துருப்பிடித்த பூட்டு அவருக்குத் திறக்கவில்லை. நோயுற்ற சிறுவன் ஒருவன் சாவியை வாங்கித் திருகித் திறந்துவிட்டான். அவன் விரலிலிருந்து இரத்தம் சொட்டியது, எலும்புவரை வெட்டு! அவனுக்கோ தெரியவே இல்லை. சூடான பாத்திரம், மண்வெட்டிப் பிடி, செருப்பின் ஆணி, இரவில் கடிக்கும் எலி: விரலைத் தின்றவை இவைதாம். வலி இல்லாததால் புண்ணோடு வேலை செய்து, புண் சீழ்பிடித்து, எலும்பும் கரைந்தது. பிராண்டு தசைநாண்களை இடம்மாற்றித் தைத்து, மடங்கிய விரல்களை நிமிர்த்தினார். எலியை விரட்ட நோயாளிக்குப் பூனையையும் கொடுத்தார்களாம். அதுவும் வைத்தியந்தானே!

சுங்கை பூலோவுக்கு டாப்சோன் மருந்து உலகப் போருக்குப்பின் வந்தது. கிருமி அதற்கு அடங்க மறுப்பதை 1964இல் மெய்ப்பித்ததும் அங்கே நடந்த ஆராய்ச்சியே. 1981 முதல் உலகச் சுகாதார நிறுவனம் கூட்டு மருந்தைப் பரிந்துரைத்தது. அது கிருமியைக் கொல்லும். நெடுநாள் முன்பே செத்த நரம்பை எழுப்பாது. புதிதாய் வீங்கிய நரம்பையோ உரிய மருந்தால் பெரும்பாலும் காப்பாற்றலாம்.

ஆகவே தாய்மாரே, பிள்ளையின் உடம்பில் நிறம் மங்கிய திட்டு தெரிந்தால், அவன் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டுப் பாருங்கள். சாதாரணத் தேமலில் உணர்ச்சி இருக்கும். இல்லையேல் அன்றே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். பால்வெட்டுக் கத்தி பிடிக்கும் கை மரத்தாலும் அப்படியே.

சுங்கை பூலோவில் குணமடைந்த பலர் பூச்செடி வளர்த்துப் பிழைத்தார்கள். கோலாலம்பூர்க்காரர்கள் இன்றும் அங்கே செடி வாங்கப் போகிறார்கள். உணர்ச்சியற்ற கையால் ரோஜாப் பதியன் போடுகிறவர், வேலை முடிந்ததும் ஒவ்வொரு விரலையும் கண்ணால் பார்த்தாக வேண்டும். முள் குத்தியதை அவருக்குச் சொல்ல வேறு எதுவும் இல்லை.