பிழையில் பிறந்த நிறவெளி

கேமரா மெனுவில் 'கலர் ஸ்பேஸ்' என்று ஒரு வரி இருக்கும். உள்ளே போனால் பெரும்பாலும் இரண்டே தேர்வு: எஸ்ஆர்ஜிபி, அடோபி ஆர்ஜிபி. இணையத்தில் படம் போடுகிறவர்கள் எதை வைக்கணும் என்று கேட்டால் எஸ்ஆர்ஜிபி என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் இரண்டில் சின்னது ஏன் ஜெயித்தது என்று தோண்டினால் கதை சுவாரசியமாகப் போகிறது.

முதலில் சிக்கல் என்னவென்று பார்ப்போம். டிஜிட்டல் படத்தில் ஒவ்வொரு புள்ளியும் மூன்று எண்கள்: சிவப்பு, பச்சை, நீலம். 255, 0, 0 என்றால் 'முழுச் சிவப்பு'. சரி, எந்தச் சிவப்பு? அரிசி மூணு போடு என்றால் மூணு படியா மூணு ஆழாக்கா என்று தெரியணும் இல்லையா? அந்த அளவைத்தான் நிறவெளி சொல்கிறது. எல்லா நிறவெளிகளுக்கும் அடியில் இருப்பது 1931இல் சர்வதேச ஒளியியல் ஆணையம் வகுத்த வரைபடம். ரைட் என்பவர் 10 பேரையும் கில்டு என்பவர் 7 பேரையும் உட்கார வைத்து எடுத்த அளவுகள் அவை. பதினேழு பேரின் கண்! இன்றைக்கும் உங்கள் போன் திரையின் நிறத்தை அளக்க அதுதான் அடிப்படை.

1990களில் இணையம் வந்தபோது ஒவ்வொரு மானிட்டரும் ஒவ்வொரு நிறம் காட்டியது. 1993இல் தொடங்கிய சர்வதேச வண்ணக் கூட்டமைப்பின் வழி, ஒவ்வொரு கோப்போடும் நிறவெளியை விவரிக்கும் ஒரு சீட்டை ஒட்டி அனுப்புவது. கொள்கைப்படி இதுதான் சரி. ஆனால் மோடம் காலத்தில் அந்தச் சீட்டின் எடையே சுமை, அதைப் படிக்கத் தெரிந்த மென்பொருளும் அதிகம் கிடையாது.

1996இல் எச்பி, மைக்ரோசாஃப்ட் நிறுவனங்களைச் சேர்ந்த ஸ்டோக்ஸ், ஆண்டர்சன், சந்திரசேகர், மோட்டா என்ற நான்கு பேர் வேறொரு யோசனை சொன்னார்கள். சீட்டு இல்லாத படம் எல்லாமே ஒரே நிறவெளி என்று வைத்துக்கொள்வோம். எந்த நிறவெளி? அன்று மேசைமேல் இருந்த கண்ணாடிக்குழாய் மானிட்டர் எப்படி நடந்துகொண்டதோ அதுவே. முதன்மை நிறங்களை 1990இன் எச்டி தொலைக்காட்சித் தரத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள். புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, இருந்ததை எழுதி வைத்தார்கள், அவ்வளவுதான். அதுதான் எஸ்ஆர்ஜிபி. 1999இல் சர்வதேசத் தரமாகவும் ஆயிற்று. என் பார்வையில் அதன் வெற்றிக்குக் காரணமே இந்தச் சோம்பேறித்தனம்தான்: யாரும் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. குழாய் மானிட்டர் குப்பைக்குப் போய் வருடங்கள் ஆகியும் இன்றைய திரைகள் அதைப்போலவே நடிக்கின்றன.

குறை என்னவென்றால் அது சின்னது. 1931 வரைபடத்தின் பரப்பில் சுமார் 35 சதவீதம்தான் அதற்குள் அடங்கும். அச்சு மையால் காட்ட முடிகிற சில நீலப்பச்சைகள்கூட வெளியே போய்விடும்.

அந்த இடத்தில்தான் அடோபி வருகிறது. போட்டோஷாப் 5.0 தயாராகிக்கொண்டிருந்த நேரம். தாமஸ் நோல் ஒரு தொலைக்காட்சித் தரத்தின் ஆவணத்திலிருந்து எண்களை எடுத்து ஒரு பெரிய நிறவெளியைச் சேர்த்தார், அந்தத் தரத்தின் பெயரிலேயே. பயனர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. பிறகு விஷயம் தெரிந்தவர்கள் சொன்னார்கள்: ஐயா, அது நிஜத் தரம் இல்லை, பின்னிணைப்பில் இருக்கும் இலட்சிய எண்கள். போதாக்குறைக்கு, சிவப்பின் எண்ணைப் படியெடுத்ததிலும் பிழை. திருத்திப் பார்த்தார்கள். திருத்தத் திருத்த அச்சுக்கு மாற்றும்போது நிறம் மோசமானது. கடைசியில் பிழையை அப்படியே வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றினார்கள். வேறு பெயர் வைத்தால் வணிகமுத்திரைத் தொல்லை வருமே என்று சொந்தப் பெயரையே சூட்டினார்கள்: அடோபி ஆர்ஜிபி (1998). வரைபடத்தில் ஏறக்குறைய பாதியைப் பிடிக்கிறது. பச்சையில்தான் அதன் முழு லாபமும். சிவப்பும் நீலமும் எஸ்ஆர்ஜிபியில் உள்ளவையேதான்.

இப்போது இணையத்துக்கு வாங்க. எஸ்ஆர்ஜிபியின் முழுச் சிவப்பு 255, 0, 0. அதே சிவப்பை அடோபி ஆர்ஜிபியில் எழுதினால் 219, 0, 0. பெரிய அளவை என்பதால் சின்ன எண் போதும். படத்தைப் பதிவேற்றும்போது அந்தத் தளம் சீட்டைக் கிழித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கிறவரின் உலாவி 219 என்ற எண்ணை எஸ்ஆர்ஜிபி அளவையில் படிக்கும். குங்குமம் மங்கிப்போகும், முகம் வெளிறிவிடும். கல்யாண ஆல்பத்தில் பட்டுப்புடவை ஜொலிக்க, ஆன்லைனில் அதே புடவை பழசாகத் தெரிவதற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

கேமராக்காரர்கள் இதற்கு ஒரு அடையாளம் வைத்திருக்கிறார்கள். அடோபி ஆர்ஜிபியில் எடுத்த படத்தின் கோப்புப்பெயர் அடிக்கோட்டில் தொடங்கும். அப்படி இருந்தால் பதிவேற்றும் முன் எஸ்ஆர்ஜிபிக்கு 'கன்வெர்ட்' செய்யுங்க. 'அசைன்' வேண்டாம். அசைன் எண்களைத் தொடாமல் சீட்டை மட்டும் மாற்றும், நிறம் கெட்டுவிடும். கன்வெர்ட்தான் நிறத்தை வைத்துக்கொண்டு எண்களை மாற்றும். சீட்டையும் சேர்த்தே சேமியுங்கள், சில கிலோபைட்தான் கூடும்.

2016இல் ஐபோன் 7 கேமரா, டிஸ்ப்ளே பி3 என்ற இன்னொரு பெரிய நிறவெளியில் படம் எடுக்கத் தொடங்கியது. அதில் எஸ்ஆர்ஜிபியின் முழுச் சிவப்புக்கு எண் 234, 51, 35. சீட்டு கிழிந்தால் இங்கேயும் அதே கதை. மெனுவில் தேர்வுகூடக் கிடையாது என்பதால், படம் எந்த நிறவெளியில் இருக்கிறது என்பதே எடுத்தவருக்குத் தெரிவதில்லை.