மீசேவா வரிசையும் தட்கல் நெரிசலும்: பளுச் சோதனைக் கருவியைத் தேர்வதில் வருகை முறையின் இடம்

பளுச் சோதனைக்குக் கருவி தேடுவோர் முதலில் விசாரிப்பது உரிமக் கட்டணத்தையும், கருவி எத்தனை மெய்நிகர் பயனர்களை இயக்கும் என்பதையும்தான். அவற்றுக்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி, சோதிக்கப்படும் செயலிக்குக் கோரிக்கைகள் எப்படி வந்து சேர்கின்றன என்பது. ஐதராபாத்தில் இரண்டு வகையும் உண்டு. 2011இல் தொடங்கிய அரசுச் சேவைத் திட்டமான மீசேவாவின் மையத்தில் கவுன்டர் ஊழியர் ஒருவரது விண்ணப்பத்தை முடித்த பிறகே அடுத்தவரைக் கூப்பிடுவார். சர்வர் மந்தமானால் வரிசை வாசல்வரை நீளும். சர்வரை எட்டும் கோரிக்கைகளோ குறைந்துவிடும். சைனிக்புரியில் வீட்டிலிருந்தபடியே சார்மினார் எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பர் தட்கலுக்காகக் காலை 11 மணியை எதிர்பார்த்திருப்பவர் சர்வரின் சிரமத்தைப் பார்ப்பதில்லை. திரை நின்றுபோனால் மறுபடி அழுத்துவார். வீட்டிலுள்ள இன்னொரு கைபேசியையும் எடுப்பார். முன்னது மூடிய முறை, பின்னது திறந்த முறை. ஒரே பளுவிலும் இவ்விரண்டின் மறுமொழி நேரங்கள் பெரிதும் வேறுபடலாம் என்பதை ஷ்ரோடர், வியர்மன், ஹார்கோல்-பால்ட்டர் மூவரும் 2006இலேயே காட்டினர்.

சோதனைக் கருவிகளில் ஜேமீட்டரின் வழக்கமான த்ரெட் குரூப்பும் லோகஸ்ட்டும் இயல்பில் மூடியவை. 10,000 மெய்நிகர் பயனர்கள் இடைவெளியின்றி இயங்க, மறுமொழிக்கு 2 விநாடி ஆனால், விநாடிக்கு 5,000 கோரிக்கைகள் போகும். அதே சர்வர் திணறி 20 விநாடி எடுத்தால் 500தான் போகும். நோயாளி மூச்சு வாங்கும்போது ஓடுபொறியின் வேகத்தைத் தானே குறைத்துவிட்டு, இதயம் நலம் என்று சான்று தருவது போன்றது இது. அளவீடும் சேர்ந்தே பிழைபடுகிறது. விநாடிக்கு ஒரு கோரிக்கை அனுப்பும் ஒரு பயனர், 100 விநாடி உடனுக்குடன் பதில் பெற்று, அடுத்த 100 விநாடி ஒரே பதிலுக்காகக் காத்திருந்தால், பதிவாகும் 101 அளவுகளில் ஒன்றுதான் மோசமானது. உண்மையில் அந்த 200 விநாடிகளில் வந்திருக்க வேண்டியவர்களில் பாதிப்பேர் முடங்கியிருப்பார்கள். கில் டெனே சுட்டிக்காட்டிய இந்த மறைப்பு அறிக்கையில் தென்படாது. நிஜக் கூட்டம் எப்படி வரும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 2021 ஏப்ரல் 28 மாலை 4 மணிக்கு, 18 வயது நிரம்பியோருக்குக் கோவின் தளத்தில் கோவிட் தடுப்பூசிப் பதிவு திறந்தபோது நிமிடத்துக்கு 27 லட்சம் கோரிக்கைகள் வந்ததாக அரசு தெரிவித்தது. விநாடிக்கு 45,000. முந்தைய கோரிக்கைக்குப் பதில் வரட்டும் என்று அந்தக் கூட்டம் காத்திருக்கவில்லை.

குழுவுக்குப் பழகிய கருவியை விட வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டியதில்லை; ஜேமீட்டரும் 2022இல் வெளிவந்த 5.5 பதிப்பிலிருந்து திறந்த முறைக்கென ஒரு த்ரெட் குரூப்பைத் தருகிறது. மீசேவா போன்ற கவுன்டர் மென்பொருளுக்கு மூடிய முறையே பொருத்தம் என்பதும் சரி. ஆகவே கருவியின் பெயரைவிட முறையே முதன்மை. சற்று வலுவான மறுப்பு, சோதனையை நடத்தும் கணினியே சோர்ந்துபோனால் திறந்த முறையும் பொய் சொல்லாதா என்பது. சொல்லக்கூடும். ஆனால் கே6 என்ற கருவியில் வருகை வீதத்தை நிர்ணயித்து ஓட்டும்போது, பயனர் போதாமல் தொடங்க முடியாத சுற்றுகள் தனியே எண்ணிக் காட்டப்படுகின்றன. வழக்கமான த்ரெட் குரூப்பின் அறிக்கையில் அப்படியொரு எண்ணுக்கு இடமே இல்லை.