57 வெள்ளமும் 2011 வெள்ளமும்

வெள்ளம் என்று பேச்செடுத்தால் நம் ஊர்களில் மூத்தவர்கள் 57க்குப் போவார்கள், இளையவர்கள் 2011க்கு வருவார்கள். இரண்டையும் மாரி வெள்ளம் என்றே சொல்லி வருகிறோம். ஆனால் மாதத்தைக் கவனியுங்கள். அம்பாறை தனி மாவட்டமாகாத அந்தக் காலத்து 1957 வெள்ளம் டிசம்பரில் வந்தது. 2011 வெள்ளம் ஜனவரியில் வந்து, பெப்ரவரி முற்பகுதியில் மறுபடியும் வந்தது. இந்த வித்தியாசத்துக்கும் பசுபிக் சமுத்திரத்துக்கும் தொடர்பு இருக்கிறது.

பசுபிக்கின் மத்திய கோட்டுப் பகுதியில் கிழக்கிலிருந்து மேற்காக எப்போதும் காற்று வீசும். சில வருடங்களில் அது பலக்கும். மேல்மட்டத்துச் சூடான நீரை இந்தோனேசியப் பக்கம் தள்ளிவிடும். பெரு நாட்டுக் கரையில் அடியிலுள்ள குளிர்ந்த நீர் மேலே வரும். கடல் வழமையைவிட அரைப் பாகை செல்சியஸோ அதற்கு மேலோ குளிர்ந்து மாதக் கணக்கில் அப்படியே கிடந்தால் அது லா நினா. ஸ்பானிய மொழியில் சிறுமி என்று அர்த்தம். காற்று தளர்ந்து அதே கடல் சூடானால் எல் நினோ, சிறுவன். அரைப் பாகை என்பது நம் கைக்குக்கூடத் தெரியாது, மழைக்குத் தெரிகிறது.

இலங்கை மழைப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் கண்டது இது: எல் நினோ வருடங்களில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை நமக்கு மழை கூடும் போக்கு உண்டு. லா நினாவில் அந்த மாதங்களில் குறைந்து, ஜனவரிக்குப் பிறகு கூடும். 1957 எல் நினோ வருடம். 2010-11 பலமான லா நினா.

விவசாயிக்கு இந்த மாத வித்தியாசம்தான் எல்லாம். டிசம்பரில் பயிர் இளசு. ஜனவரியில் குடலையும் கதிருமாக நிற்கும். உழவு, பசளை, களைநாசினி, கூலி என்று செலவெல்லாம் வட்டைக்குள் இறங்கியிருக்கும். அந்த நேரத்தில் தண்ணீர் நின்றால் வேளாண்மையோடு கடனும் மிஞ்சும். 2011 ஜனவரியில் நாட்டில் 10 இலட்சத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். அதிக அடி கிழக்குக்குத்தான்.

அதே ஜனவரியில் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மூழ்கியது. நிலத்தில் அவ்வளவு மழை கொட்டியதால் உலகக் கடல் மட்டமே ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் இறங்கிப் போனது. சோமாலியாவில் மழை பொய்த்து, ஜூலையில், ரமழானுக்குச் சற்று முன், ஐ.நா. பஞ்சம் அறிவித்தது. நமக்கு அளவுக்கு மீறிய தண்ணீர், அவர்களுக்குத் துளியும் இல்லை. இரண்டுக்கும் பின்னால் அதே குளிர்ந்த கடல்.

எல்லா வெள்ளத்தையும் இதன் தலையில் போட முடியாது. 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் மத்ரஸா மாணவர்களைப் பறிகொடுத்தோமே, அந்த மழையைக் கொண்டுவந்தது வங்காள விரிகுடாத் தாழமுக்கம்.

57ஐக் கண்ணால் கண்டவர்கள் இனிக் கொஞ்சப் பேர்தான். கிட்டங்கித் தாம்போதியில் எவ்வளவு தண்ணீர், எந்த வளவு வரை ஏறியது, பயிர் எந்தப் பருவத்தில் நின்றது என்று வீட்டிலுள்ள மூத்தப்பா, மூத்தம்மாமாரிடம் கேட்டு எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். மாணவர்களைக் கொண்டு ஒரு கொப்பியில் பதிந்து வைக்கிறோம்.