சுற்றமும் பொருளும்: கனடாவின் குடிவரவு வரலாறு

திருக்குறளில் 'சுற்றந்தழால்' என்னும் அதிகாரம் பொருட்பாலில் அமைந்துள்ளது. உறவினரைத் தழுவுதல் அன்பின்பாற்பட்டதாயினும் அதற்குப் பொருளும் துணையாக வேண்டும் என்பதை இவ்வைப்புமுறை உணர்த்துகிறது எனலாம். வள்ளுவர் பொருளைச் சுற்றம் பேணும் கருவியாகக் கண்டார். கனடா நாட்டின் குடிவரவுச் சட்டங்களோ, சுற்றம் கூடுமுன் கடக்கவேண்டிய வாயிலாக அதனை ஆக்கின.

கனடிய பசிபிக் இருப்புப்பாதை இணைந்து முடிந்த 1885ஆம் ஆண்டிலேயே, அதனை அமைக்க உழைத்த சீன இனத்தார்மீது தலைவரி விதிக்கப்பெற்றது. புதிதாக வரும் சீனர் 50 டாலர் செலுத்தவேண்டும். இத்தொகை 1900ஆம் ஆண்டுச் சட்டத்தால் 100 ஆகவும், 1903ஆம் ஆண்டுச் சட்டத்தால் 500 ஆகவும் உயர்ந்தது. தம் பயணத்திற்கே கடன்பட்ட தொழிலாளர் மனைவி மக்களை அழைத்துக்கொள்வது அரிதாயிற்று. 1923இல் சீனர் வருகையே ஏறக்குறைய முற்றாகத் தடுக்கப்பட்டது. அத்தடை 1947இல் நீங்கியது. தலைவரிக்காகக் கனடிய அரசு மன்னிப்புக் கேட்டது 2006இல்தான்.

இந்தியருக்கு வேறொரு தடை எழுந்தது. தாய்நாட்டிலிருந்து இடைநில்லாமல் வரவேண்டும், கையில் 200 டாலர் இருக்கவேண்டும் என 1908இல் விதிகள் பிறந்தன. 1914இல் 376 பயணியருடன் வான்கூவர் துறைமுகம் அடைந்த கோமகட்டா மாரு கப்பலுக்கு எதிராக இவ்விரு விதிகளும் காட்டப்பெற்றன. மிகச் சிலரே கரையிறங்கினர். ஏனையோருடன் கப்பல் சூலை 23ஆம் நாள் திருப்பியனுப்பப்பட்டது.

1967இல் புள்ளிமுறை வந்தபின் இனவேறுபாடு சட்டத்தினின்று அகன்றது. 1976இல் இயற்றப்பெற்று 1978இல் நடைமுறைக்கு வந்த சட்டம் 'குடும்ப வகுப்பு' என்னும் பிரிவை நிலைநிறுத்தியது. ஈண்டு ஒரு மாற்றம் நோக்கத்தக்கது. முன்னர் வருபவரின் கையிருப்பு எண்ணப்பட்டது. இப்போது அழைப்பவரின் வருமானம் அளக்கப்பட்டது. வருபவர் அரசின் உதவித்தொகை பெற நேர்ந்தால் அதனைத் திருப்பித் தருவதாக அழைப்பவர் உறுதிமொழி அளிக்கவேண்டும்.

1983க்குப் பின் போரினால் ஈழத்தினின்று பெயர்ந்து கனடாவில் வேரூன்றிய தமிழரிடையே 'ஸ்பொன்சர்' என்பது வீட்டுச்சொல்லாயிற்று. கணவன், மனைவி, சார்ந்துவாழும் பிள்ளைகள் ஆகியோரை அழைப்பதற்குப் பொதுவாக வருமான அளவு இல்லை. பெற்றோரை அழைப்பதற்கோ அஃது உண்டு. 2014இல் அவ்வளவு மேலும் உயர்த்தப்பெற்றது: குறைந்த வருமான எல்லைக்கு மேல் 30 விழுக்காடு மிகுதியாக, தொடர்ந்து மூன்று ஆண்டுகள் ஈட்டியிருக்கவேண்டும். வரித்துறையின் மதிப்பீட்டு ஆவணமே இதற்குச் சான்று. 10 ஆண்டாக இருந்த உறுதிமொழி 20 ஆண்டாயிற்று. கியூபெக் மாநிலம் மட்டும் தன் விதிகளைத் தனியே வகுத்துக்கொண்டது.

குடும்பத்தின் ஆள் எண்ணிக்கைக்கேற்ப எல்லை உயரும். அழைப்பவர், அவருடைய துணை, பிள்ளைகள், அழைக்கப்படுவோர் அனைவரும் அதில் அடங்குவர். குழந்தை பிறந்தாலும் எல்லை உயரும். மூன்றாண்டுகளில் ஓராண்டு வேலை குறைந்தாலும் தொடர் அறுபடும். பெற்றோரின் முதுமையோ மூன்றாண்டுக் கணக்கிற்காகக் காத்திராது. பெருந்தொற்றுக் காலத்து வருமான இழப்பைக் கருதி 2020, 2021 ஆகிய வரியாண்டுகளுக்கு அந்த 30 விழுக்காட்டு மிகுதி விலக்கப்பெற்றமை, இவ்விதியின் கடுமையை அரசே உணர்ந்ததற்குச் சான்றாகும்.

உறுதிமொழியால் எழும் கடனை அரசு வசூலிக்கலாம் என 2011இல் கனடிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது; அழைத்தவரின் நிலையைக் கேட்டறிந்து, வசூலைத் தள்ளிவைக்கும் உரிமை அரசுக்கு உண்டு எனவும் அது கூறியது.

பொதுப்பணத்தைக் காப்பது அரசின் கடமையே. ஆயினும் தலைவரி இனத்தை நோக்கிற்று. வருமான எல்லை வறுமையை நோக்குகிறது. பேரப்பிள்ளையைப் பேணி, மகள் வேலைக்குச் செல்ல வழிசெய்யும் தாயின் உழைப்பு எந்த வரி ஆவணத்திலும் இடம்பெறுவதில்லை. சுற்றத்தைச் செலவாக மட்டும் எண்ணும் கணக்கில், சுற்றமும் ஒரு செல்வம் என்பதற்கு இன்னும் இடமில்லை.