மக்காவில் வாடகை அறை: ஒரு பழைய விவாதம்



உம்ராவுக்கு ஆயத்தமானால் நாம் முதலில் கேட்பது, "ஹோட்டல் ஹரமுக்கு எவ்வளவு கிட்ட?" என்றுதான். ஆனால் மக்காவில் வாடகை வாங்கவே கூடுமா என்று ஒரு காலம் இமாம்கள் விவாதித்தார்கள்.

மஸ்ஜிதுல் ஹராமில் உள்ளூர்வாசியும் வெளியூராரும் சமம் என்கிறது சூரத்துல் ஹஜ்ஜின் 25ஆவது ஆயத். ஹாஜிகள் விரும்பிய இடத்தில் இறங்கட்டும் என்று, வீடுகளுக்குக் கதவு போடுவதை உமர் (ரழி) தடுத்ததாக அறிவிப்பு உண்டு. ஹஜ் காலத்தில் வாடகை வாங்குவதை இமாம் அபூஹனீபா வெறுத்தார். நாம் பின்பற்றும் இமாம் ஷாபிஈ கூடும் என்றார். முஹாஜிர்கள் தங்கள் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டதாகக் குர்ஆன் கூறுவதால், வீடு உரியவருக்கே சொந்தம் என்பது அவரது ஆதாரம்.

வாடகை கூடும் என்றாலும் ஏழைகள் கைவிடப்படவில்லை. வக்பு செய்யப்பட்ட ரிபாத்களில் அவர்கள் இலவசமாகத் தங்கினார்கள்.

2002இல் உஸ்மானியரின் அஜ்யாத் கோட்டை இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் 601 மீற்றர் மணிக்கூட்டுக் கோபுரமும் ஹோட்டல்களும் எழுந்தன. அதுவும் வக்புதான், வருமானம் இரு ஹரம்களுக்கு. ஆனால் கஃபா தெரியும் அறைக்குத் தனி விலை.

வசதியாகத் தங்குவது பிழையில்லை. வயோதிபர்களுக்குக் கிட்ட அறை தேவைதான். நடக்கக்கூடிய நாம் சற்றுத் தூரத்தில் தங்கினால், மிஞ்சும் காசு நம் ஊரில் வசதியில்லாத ஓர் உம்மாவின் பயணத்துக்கு உதவும். அடுத்த முறை அறை பதியும்போது இதையும் யோசிப்போம்.