மாவட்டத்துக்குள்ளே போக வெளியே போகணும்

எங்க விருதுநகர்ல கடல் கிடையாது. ஆனா 1985 மார்ச் வரைக்கும் நாங்களும் கடலோர மாவட்டத்துக்காரங்கதான். 1910-ல் மதுரை, திருநெல்வேலியிலிருந்து பிரித்து உருவாக்கிய ராமநாதபுரம் மாவட்டத்தில் சிவகாசியும் ராமேஸ்வரமும் ஒன்றாக இருந்தன. வேடிக்கை என்னன்னா, கலெக்டர் ஆபீஸ் இருந்தது மதுரையில். அதாவது மாவட்டத்துக்கு வெளியே!

இதைவிடச் சிக்கலான கதை நாகப்பட்டினத்துக்கு உண்டு.

காவிரி ஒரே இடத்தில் கடலில் சேர்வதில்லை. வடக்கே கொள்ளிடம், பூம்புகாரில் காவிரி, காரைக்காலில் அரசலாறு, நாகூர்ப் பக்கம் வெட்டாறு என்று விரல்களாகப் பிரிகிறது. அந்தக் கடற்கரையில் ஐரோப்பியர்கள் ஆளுக்கொரு துறைமுகம் பிடித்தார்கள். தரங்கம்பாடியில் 1620-ல் டேனிஷ்காரர்கள், நாகையில் போர்ச்சுகீசியரை விரட்டிவிட்டு 1658-ல் டச்சுக்காரர்கள், காரைக்காலில் 1739-ல் பிரெஞ்சுக்காரர்கள். மற்ற இரண்டும் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டன. காரைக்கால் மட்டும் 1954 வரை பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது. அதனால்தான் அது இன்றைக்கும் புதுச்சேரியோடு இருக்கு.

1991-ல் தஞ்சாவூரிலிருந்து நாகை மாவட்டம் பிரிந்தபோது இது பிரச்சினையாக இல்லை. காரைக்காலுக்கு மேற்கே திருவாரூர், நன்னிலம் பகுதிகள் நாகையோடு இருந்தன. 1997-ல் திருவாரூர் தனி மாவட்டமானது. அவ்வளவுதான், நாகை இரண்டு துண்டாகிவிட்டது. வடக்கே சீர்காழி, மயிலாடுதுறை, தரங்கம்பாடி. தெற்கே நாகை, கீழ்வேளூர், வேதாரண்யம். மயிலாடுதுறைக்காரர் தன் கலெக்டரைப் பார்க்க ஒன்று காரைக்கால் வழியாகப் போகணும், இல்லைன்னா திருவாரூர் மாவட்டத்தைத் தாண்டணும். இந்த நிலை 20 வருஷத்துக்கு மேல் நீடித்தது. 2020 டிசம்பரில்தான் மயிலாடுதுறை தனி மாவட்டம் ஆனது.

இங்கேதான் நான் ஏமாந்தேன். 2011 கணக்கெடுப்பில் நாகை மாவட்ட மக்கள்தொகை 16,16,450. அந்த எண்ணை இன்றைய வரைபடத்தோடு சேர்த்து ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போட்டேன். நெருக்கம் நம்பவே முடியாத அளவுக்கு வந்தது. அப்புறம்தான் புரிந்தது, அதில் சுமார் 9.18 லட்சம் பேர் இப்போது மயிலாடுதுறை கணக்கு. இன்றைய நாகைக்கு மிஞ்சுவது ஏழு லட்சத்துக்கும் குறைவு.

இது வெறும் எக்செல் தப்பு இல்லை. 2004 சுனாமியில் நாகை மாவட்டத்தில் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். தமிழ்நாட்டிலேயே அதிகம். அந்த எண்ணில் அக்கரைப்பேட்டையும் உண்டு, தரங்கம்பாடியும் உண்டு. அதை இன்றைய நாகை மக்கள்தொகையால் வகுத்தால் தெற்கின் சோகம் இரட்டிப்பாகும், வடக்கில் செத்தவர்கள் கணக்கிலிருந்தே காணாமல் போவார்கள்.

2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பும் தள்ளிப்போனது. அதனால் புது மாவட்டங்களுக்கு நாம் சொல்லும் எண்கள் பழைய தாலுகாக்களைக் கூட்டி எடுத்தவைதான்.

அதனால, மாவட்டப் பெயரோடு ஒரு எண்ணைப் பார்த்தா, பக்கத்திலேயே வருஷம் இருக்கான்னு பாருங்க. பெயர் அப்படியே இருக்கும், எல்லை நகர்ந்திருக்கும்.